தோள்மேல் இருக்கும் கை

பிற்பகல் வெயில் கணினித் திரையில் பட்டுக் கண் கூசுவதால் அவள் எழுந்து சன்னல் சீலையை இழுத்துவிட்டு வந்து உட்காருகிறாள். திரையில் தச்சுப்பட்டறை திறந்த நாளின் படம். அவள் கணவனும் அவன் தம்பியும் தாங்கள் செய்த முதல் கதவுக்கு முன்னால் நிற்கிறார்கள். தம்பி கோபித்துக்கொண்டு தனிப்பட்டறை போட்டு இரண்டு வருடமாகிறது. படத்தைப் பட்டறையின் இணையப் பக்கத்தில் போட வேண்டும். அந்தப் பக்கம் அறுநூறு பிக்சல் அகலத்துக்கு மேல் ஏற்காது. "அவன் நிக்கிற பக்கத்தை வெட்டிடு, அளவு சரியா வந்துடும்" என்கிறான் கணவன், முழங்கையில் ஒட்டிய மரத்தூளைத் தட்டியபடி. "வெட்டினா கொழுந்தனார் கை மட்டும் உங்க தோள்ல தொங்கும், பரவாயில்லையா?" அவன் குனிந்து பார்க்கிறான். கை இருக்கிறது, சட்டை கசங்கும் அளவுக்கு அழுத்திப் பிடித்திருக்கிறது. அவள் அகலத்துக்கான கட்டத்தில் 600 என்று தட்டுகிறாள். உயரம் தானாகக் குறைகிறது. ஒரே சொடுக்கில் கதவும் அண்ணனும் தம்பியும் சேர்ந்தே சிறிதாகிறார்கள், யாரும் நசுங்கவில்லை. "பாத்தீங்களா? ஒருத்தரையும் வெட்ட வேணாம்." அவன் இன்னொரு தடவை அந்தக் கையைப் பார்க்கிறான். "அவனுக்கும் ஒண்ணு அனுப்பு." அவள் விரல் சுட்டிமேல் நிற்கிறது. அவனே தொடர்கிறான், "இந்தச் சின்னதை இல்ல. அந்தப் பெரிய படத்தையே அனுப்பு."