குறைந்த வாக்கு

பள்ளி வாரியத் தேர்தலில் நின்ற லோர்னா வீடு வீடாக ஏறி இறங்கியும் அவருக்கும் எதிர்த்து நின்றவருக்கும் சம வாக்குகளே விழுந்தன. நாளை நாணயத்தைச் சுண்டி முடிவு செய்வார்கள்.

"நம்ம ஆளுங்கள்லயே ஒருத்தன் கவுத்துட்டான்," என்றார் கணவர் எல்வுட்.

ஓய்வுபெற்ற ஆசிரியையான லோர்னா உருளைக்கிழங்கின் தோலைச் சீவினார்.

"பக்கத்து வீட்டு டெல்பர்ட்தான்! உன் பேர்ப் பலகைய வாசல்ல நட்டுட்டு, நீ சுட்ட கேக்கையும் தின்னான். முழியே சரியில்ல."

"அவர் எனக்குத்தான் போட்டார்."

"அப்போ உன் தங்கச்சியா?"

"அவளும் இல்ல."

எல்வுட் மனைவியை ஏற இறங்கப் பார்த்தார். "யாருன்னு உனக்குத் தெரியும்!"

லோர்னா கத்தியைக் கீழே வைத்தார்.

"வகுப்புத் தலைவர் தேர்தல்ல தன் பேரைத் தானே எழுதிக்கக் கூடாதுன்னு ஆயுசு பூரா பிள்ளைங்களுக்குச் சொன்னவ நான், எல்வுட். எனக்கே போட்டுக்கக் கை வரல."