ரெண்டு விரல் இடைவெளி

காலை ஏழு மணி. எடைமேடைக்கு முன்னால் ஆறு லாரிகள். கண்ணாடிக் கூண்டுக்குள் 'டன்'.

லாரிகளை எடை போட்டுச் சீட்டுக் கொடுக்கிறவருக்கு டிரைவர்கள் வைத்த பெயர் அது. வேலைக்கும் பொருந்தியது, உடம்புக்கும் பொருந்தியது.

அன்று சீட்டை நீட்டுவதற்கு முன்னால் டன் சட்டையைத் தூக்கி இடுப்பைக் காட்டினார்.

"பார்த்தியா, பேண்ட்டுக்குள்ள ரெண்டு விரல் போகுது!"

"நேத்தும் இதையேதாண்ணே காட்டினீங்க. மேடையில ஏறி நில்லுங்க, நம்புறோம்."

"இது லாரிக்கானதுடா. இருபது கிலோவுக்குக் கீழே இதுக்குக் கணக்கு வராது."

"அந்தக் கவலை உங்களுக்கு எதுக்குண்ணே?"

வரிசையே சிரித்தது. டன்னும் சிரித்தார். ஆனால் ஏறவில்லை.

ஊர் லாரியையெல்லாம் எடை போடுகிறவருக்குத் தன்னை எடை போட்டுக்கொள்ள பயம். முதன்முதலில் சர்க்கரை பார்க்கப் போனபோது டாக்டரம்மா எடை மெஷினில் ஏற்றினார்; அப்போதுகூடக் கண்ணை மூடிக்கொண்டார். பேண்ட்தான் அவருக்குத் தராசு.

"சர்க்கரை எல்லைக்கோட்டுல நிக்குது சார்," என்றார் அன்று டாக்டரம்மா. "வயித்துல சேர்ந்த கொழுப்பு இன்சுலினை ஒழுங்கா வேலை செய்ய விடாது. ஓவர்லோடு வண்டியில எஞ்சின் திணறுற மாதிரி. எடையை இறக்குங்க, சர்க்கரையும் இறங்கலாம். மூணு மாசம் பார்ப்போம். இல்லேன்னா மாத்திரைதான்."

ஓவர்லோடு என்றதும் டன்னுக்குப் புரிந்துவிட்டது. சர்க்கரையில் அண்ணனுக்குக் கால் விரல் போனதும் ஞாபகம் வந்தது.

இரண்டு வாரம் நடந்தார். பிஸ்கட் பக்கமே திரும்பவில்லை. பேண்ட் மட்டும் அசைந்து கொடுக்கவில்லை. ஒரு சனிக்கிழமை ஷூவைக் கழற்றி மூலையில் வீசினார்.

"இது பரம்பரை உடம்பு. நாளையிலேருந்து நடக்கிற ஜோலியே கிடையாது!"

மனைவி ஷூவை எடுத்து ஒழுங்காக வைத்தாள்.

திங்கட்கிழமை வேலைக்குக் கிளம்பும்போது பேண்ட் தளர்ந்திருந்தது!

அன்று மாலையே டன் மறுபடி நடந்தார். அப்புறம் மழைகூட அவரை நிறுத்தவில்லை.

ஒரே ஒரு குறை. வீட்டில் பாராட்டு கிடைக்கவில்லை.

"லாரிக்காரன்லாம் சொல்றான். உன் கண்ணுக்கு மட்டும் தெரியலையா?"

"வாய் போற தூரத்துக்குக் காலும் போனா தெரியும்."

"பொறாமை உனக்கு!"

"ஆமா, உங்க இடுப்பைப் பார்த்து."

கட்டினவளுக்கே அக்கறை இல்லையே என்று கூண்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் புலம்பித் தீர்த்தார்.

மூன்று மாதம் கழித்து டாக்டரம்மா, "ஒன்பது கிலோ குறைஞ்சிருக்கு. சர்க்கரையும் இறங்கியிருக்கு. மாத்திரை இப்போ வேண்டாம். ஆனா நடையை விட்டா எல்லாம் திரும்ப வந்துடும்," என்றார்.

டன் தலைகால் புரியாமல் வீட்டுக்கு வந்தார். இருந்த பேண்ட்டையெல்லாம் பையில் அள்ளிப் போட்டுக்கொண்டு நேராக டெய்லர் கடைக்குப் போனார்.

"எல்லாத்தையும் இடுப்புல பிடிச்சுத் தைச்சுடு."

டெய்லர் ஒரு பேண்ட்டைப் புரட்டி உள்தையலைப் பார்த்தார்.

"என்னண்ணே, விளையாடுறீங்களா? அண்ணி பிரிச்சு விடச் சொல்றாங்க, நீங்க பிடிக்கச் சொல்றீங்க!"

"எந்த அண்ணி?"

"உங்க வீட்டு அண்ணிதான். ஒரு ஞாயித்துக்கிழமை பூட்டின கடையைத் திறக்க வச்சு, இருந்த பேண்ட்டையெல்லாம் கொட்டினாங்க. 'ஒரு இஞ்சு பிரிச்சு விடு, மனுஷன் நடக்கிறதை விட்டுடுவாரு போலிருக்கு'ன்னு..."

டெய்லர் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

டன் ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"எத்தனை தடவை வந்தா?"

"அந்த ஒரு தடவைதாண்ணே. அதுக்கப்புறம் தளர்ந்ததெல்லாம் உங்க சொந்தச் சம்பாத்தியம்."

டன் பேண்ட்டுகளை மறுபடி பையில் திணித்துக்கொண்டு எழுந்தார்.

வீட்டில் மனைவி அடுப்படியில் இருந்தாள்.

"பையில என்ன?"

"பேண்ட். டெய்லர்கிட்ட போயிருந்தேன்."

கரண்டிச் சத்தம் நின்றது.

"என்ன சொன்னான்?"

"கடை பூட்டியிருந்துச்சு."

கரண்டிச் சத்தம் மறுபடி ஆரம்பித்தது.

"சரி, இன்னிக்கு நடக்கப் போகலையா?"

"நீயும் வாயேன்."

மார்ச் ஒன்பதாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, லாரிகள் வராத நேரத்தில் டன் முதன்முறையாக எடைமேடையில் ஏறி நின்றார், மனைவியையும் பக்கத்தில் நிற்க வைத்துக்கொண்டு. இரண்டு பேருக்கும் சேர்த்து நூற்று நாற்பது கிலோ காட்டியது.