ஊதாப் பாவாடை

“ஊதாப் பாவாட எங்கம்மா காணோம்?” என்று கேட்டாள் சின்னபொண்ணு.

தோட்டத்துப் பக்கம் பழைய புடவை ஒன்றை விரித்து, அழுக்குத் துணிகளை ஒவ்வொன்றாக உதறி அதில் போட்டுக்கொண்டிருந்தாள். விக்கிரவாண்டியில் அந்தத் தெருவுக்கே அவள்தான் வண்ணாத்தி.

“கிழிஞ்சி போச்சி. கரித்துணிக்கு எடுத்துக்கினேன்” என்றாள் அம்சவள்ளி.

“ஐயே! போன வாரந்தான் கஞ்சி போட்டு மொடமொடன்னு குடுத்தேன். அதுக்குள்ளியா?”

பாவாடை சமையலறையில், காலி நெல்பானைக்குள், அடியில் கிடந்தது.

ஒரு வீட்டில் என்ன நடக்கிறது என்பது அந்த வீட்டாருக்கு அடுத்தபடி வண்ணாத்திக்குத்தான் தெரியும். வருகிற துணியைப் பார்த்தே வீட்டுக்கு விருந்தாளி வந்ததையும், குழந்தைக்குப் பேதியானதையும் சொல்லிவிடுவாள். வராத துணி இன்னும் அதிகமாகச் சொல்லும்.

ஒரு பெண் ஆளானால் அன்று அவள் உடுத்தியிருந்த துணி வண்ணாத்திக்குச் சேரும். கூடவே ஒரு புதுப் புடவையும் ஒரு மரக்கால் நெல்லும். ஆகவே முதல் சேதி அவளுக்குத்தான் போகும். அவளிடமிருந்து தெருவுக்கு. தெருவிலிருந்து, அன்றைய பாசஞ்சர் வண்டியிலேயே, திண்டிவனத்துக்கு.

திண்டிவனத்தில் அம்சவள்ளியின் தம்பி முருகையன் மல்லாட்டை மண்டி வைத்து நிலக்கடலை வியாபாரம் செய்துவந்தான். தாய்மாமன். சேதி எட்டினால் பச்சை ஓலையோடு வந்து குச்சுக் குடிசை கட்டி, அக்காள் மகள் கிருஷ்ணவேணியை அதில் உட்காரவைப்பான். வைகாசியில் தாலியும் கட்டுவான். அவள் அப்பன் சக்கரபாணி எப்போதோ வாக்குக் கொடுத்தாயிற்று.

வருகிற திங்கட்கிழமை விழுப்புரத்தில் அவளுக்கு எட்டாம் வகுப்பு அரசாங்கப் பரீட்சை. தேறினால் ஆசிரியப் பயிற்சிக்கு எடுத்துக்கொள்வார்கள். குச்சுக்குள் உட்கார்ந்தவள் பரீட்சைக்குப் போவதில்லை.

அம்சவள்ளி நான்காம் வகுப்போடு நின்றவள். இன்று காலை மகளின் பாவாடையில் கறையைப் பார்த்ததும் கிணற்றடியிலேயே உட்கார்ந்துவிட்டாள். மல்லாட்டை பறித்துப் பறித்து விரல் நுனிகள் வெடித்திருந்தன. அழக்கூடத் தெம்பில்லை.

பிறகு எழுந்து, கதவைச் சாத்திக்கொண்டு, மகளுக்கு எல்லாவற்றையும் விளக்கினாள்.

பச்சைத் தண்ணீரில்தான் அலசவேண்டும். வெந்நீர் பட்டால் முட்டை வேகிற மாதிரி கறை நூலோடு வெந்து கெட்டியாகிவிடும். அப்புறம் எந்த உவர்மண்ணுக்கும் போகாது. உலர்த்தும்போது மேலே ஒரு புடவையைப் போர்த்தவேண்டும். மெல்லிய புடவையாக இருக்கட்டும். அப்போதுதான் வெயில் கீழே இறங்கும், துணியில் வாடை தங்காது. வயிறு வலித்தால் வெந்தயத்தை மோரில் போட்டுக் குடி. முகத்தைச் சுளிக்காதே, அப்பா பார்ப்பார்.

“யாருகிட்டயும் மூச்சு விடாத. முக்கியமா அந்தச் சின்னபொண்ணுகிட்ட” என்றும் சொல்லியிருந்தாள்.

கிருஷ்ணவேணி பூகோளப் புத்தகத்தை மடியில் வைத்தபடி தலையாட்டினாள். பதிமூன்று வயதுப் பிள்ளை பயந்து அழும் என்று நினைத்திருந்தாள் அம்சவள்ளி. அழவில்லை. ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. அதுவே அவளுக்குக் கவலையாக இருந்தது. அதிர்ச்சியில் வாயடைத்துப் போயிற்றோ?

இப்போது கிருஷ்ணவேணி அதே புத்தகத்தோடு பின்வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். சின்னபொண்ணு மூட்டையைக் கட்டாமல் அவளையே பார்த்தாள்.

“பாப்பா மொகம் ஏன் வாடிக்கெடக்குது?”

“பரிட்சைன்னா சும்மாவா? ராவெல்லாம் படிச்சிக்கினே இருந்துச்சி” என்றாள் அம்சவள்ளி அவசரமாக. “இரு, கூழு கொண்டாறேன். குடிச்சிட்டு ஜல்தியாக் கெளம்பு. வெயில் ஏறுது.”

உள்ளே போனாள். கேப்பைக் கூழில் மோரை விட்டுக் கரைத்தாள். நெல்பானை மூடியை இன்னும் கொஞ்சம் அழுத்தி வைத்தாள்.

பின்வாசலில் பேச்சுக் குரல் தணிந்தது.

“அம்மா பாத்துட்டாங்களா?” இது சின்னபொண்ணு.

“ம். இன்னிக்கித்தான் மொதல்னு நெனச்சிக்கினு கெடக்குது. காத்தாலருந்து ஒரே பாடம். பாவமா இருந்துச்சி, சும்மா கேட்டுக்கினேன்.”

அம்சவள்ளியின் கையிலிருந்த அகப்பை அப்படியே நின்றது.

“அப்பிடியே நெனச்சிக்கினு இருக்கட்டும். தை மாசத்துலருந்து ஓட்டிக்கினு வரல? இன்னும் ஒரு வாரந்தானே. எப்பவும்போல எங்கிட்டயே குடுத்துடு.”

“நீ யாருகிட்டயாச்சும்…”

“சொல்றவளா இருந்தா தையிலேயே சொல்லிப் பொடவய வாங்கிக் கட்டியிருக்க மாட்டேன்? நீ டீச்சரம்மாவானதும் வட்டியோட வாங்கிக்கிறேன் போ.”

சிறு சிரிப்பு. பிறகு சின்னபொண்ணுவின் குரல் மேலும் இறங்கியது.

“ஆனாலும் பெத்தவகிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம் பாப்பா.”

“சொல்லணும்னுதான் இருந்துச்சி. அம்மா மாமாவுக்கு அக்காவாச்சே.”

அடுப்பில் விறகு சரிந்தது. அம்சவள்ளி அதைத் தள்ளிவிடவில்லை. நான்கு மாதம். இந்த வீட்டுக்குள், இந்தக் கிணற்றடியில், தனியாக.

சட்டியில் இன்னும் ஓர் அகப்பை கூழ் ஊற்றினாள். வெங்காயத்தை எடுத்து வைத்தாள். வாசல்வரை வந்தவள், நின்று, திரும்பிப்போய்ப் பானை விளிம்பில் அகப்பையைச் சத்தமாக இரண்டு தட்டுத் தட்டினாள்.

அவர்கள் பேச்சை முடித்துக்கொள்ளட்டும் என்று.