தட்டில் ஒரு ஸ்க்ரூ

சாவியைத் திருப்பினால் விளக்கு எரிந்தது. ஹாரன் அலறியது. வண்டி மட்டும் இருந்த இடத்தை விட்டு அசையவில்லை.

குழந்தைகள் உட்கார்ந்து ஓட்டுகிற சிவப்பு பேட்டரி கார். வார்டிலிருந்து ஆபரேஷன் தியேட்டருக்குப் பிள்ளைகள் அழாமல் போகட்டும் என்று ஆஸ்பத்திரியில் வாங்கி வைத்தது. இன்று பார்த்து, நடைபாதையின் நடுவில் மக்கர் செய்துவிட்டது.

உள்ளே உட்கார்ந்திருந்தவள் ஐந்து வயது வாயாடி. நெஞ்சில் சின்ன ஓட்டை. நானே ஓட்டிக்கொண்டு போனால்தான் வருவேன் என்று ஸ்டீயரிங்கை உடும்புப் பிடியாகப் பிடித்திருந்தாள். தூக்கப் போன அப்பாவுக்கு ஒரு கடி கிடைத்தது. அழுது மூச்சிரைத்தால் மயக்க மருந்து கொடுப்பது பெரும்பாடு, அவளுக்கு ஆபத்தும்கூட.

எலக்ட்ரீஷியன் வேறு கட்டடத்தில் இருந்தார். நான் தரையில் உட்கார்ந்தேன்.

“நீங்க மெக்கானிக்கா?”

“பின்னே?” என்றேன். அவள் அம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தார். கண்ணைக் காட்டி அடக்கினேன்.

எனக்கொன்றும் பயமில்லை. என் வீட்டு வாண்டுகள் இரண்டும் இந்த மாதிரி வண்டியை எத்தனையோ முறை படுக்க வைத்திருக்கின்றன. அவளை மிதிக்கச் சொன்னேன். விளக்கு துளிகூட மங்கவில்லை. பேட்டரி இறங்கியிருந்தால் மங்கியிருக்கும். ஆக, கரண்ட் மோட்டார் பக்கமே போகவில்லை. கோளாறு மிதிக்கு அடியில்தான் என்று அடித்துச் சொன்னேன்.

நர்ஸ் எங்கிருந்தோ ஒரு தட்டில் ஸ்க்ரூடிரைவரும் இடுக்கியும் கொண்டுவந்தார். மிதியைக் கழற்றி, ஸ்க்ரூக்களைத் தட்டில் போட்டேன். சொன்ன மாதிரியே, ஸ்விட்சிலிருந்து ஒரு ஒயர் கழன்று தொங்கியது. ஸ்விட்சை வெளியே எடுத்து, ஒயரின் முனையை இடுக்கியால் நெருக்கி, அழுத்திச் செருகினேன். எல்லாவற்றையும் திரும்பப் பொருத்தி மூடினேன். என் முதுகை நானே தட்டிக்கொள்ளாத குறை.

“அப்ப இது?”

அவள் விரல் காட்டிய இடத்தில், தட்டில், ஒரு ஸ்க்ரூ மிச்சம்.

அது கம்பெனியில் உபரியாகச் சும்மா கொடுப்பது என்று, உலகத்து மெக்கானிக்குகள் எல்லாரும் சொல்கிற பொய்யைச் சொன்னேன். அவள் வண்டியை விட்டு இறங்கி இடுப்பில் கை வைத்து நின்றாள். மறுபடியும் கழற்றி, உள்ளே ஸ்விட்சைப் பிடித்திருக்க வேண்டிய அந்த ஸ்க்ரூவை முடுக்கிய பிறகுதான் ஏறினாள். வெட்கமாகத்தான் இருந்தது. அதுவும் எனக்கு.

வண்டி கிளம்பியது. ஹாரனை விடாமல் அடித்து, எதிரே வந்தவர்களையெல்லாம் சுவரோரம் ஒதுக்கிவிட்டு, கதவைத் தாண்டிப் போனாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அம்மாதான் அழுதார்.

உடை மாற்றிக்கொண்டு, தொப்பியும் மாஸ்க்குமாக நான் தியேட்டருக்குள் போனபோது அவள் மேசையில் படுத்திருந்தாள். மயக்க மருந்து கொடுப்பவர், உனக்கு ஆபரேஷன் செய்யப்போகும் டாக்டர் இவர்தான் என்று என்னைக் காட்டினார்.

கண்ணை மட்டும் பார்த்தே கண்டுபிடித்துவிட்டாள்.

“மூடுறதுக்கு முன்னாடி எண்ணிப் பாருங்க.”

எல்லோரும் சிரித்தார்கள். ஊசி, பஞ்சு, கத்தரி என்று ஒவ்வொன்றையும் எண்ணிக் கணக்குச் சொல்லும் நர்ஸ் மட்டும் சிரிக்கவில்லை.

“சரிங்க டாக்டர்” என்றார், அவளிடம்.