அக்கறையில்லாத நோட்டு

"எழுதப் படிக்க வருமா?"

ஆஸ்பத்திரி வராந்தாவில் வரிசையாக உட்கார்ந்திருந்த எங்களிடம் டாக்டர் சுகாசினி முதல் நாள் கேட்டது இந்த ஒரு கேள்விதான்.

எல்லோரும் வரும் என்றோம். டாக்டர் கேட்டால் வரும் என்றுதான் சொல்வார்கள். வராது என்றால் வீட்டுக்கு அனுப்பிவிட மாட்டாரா?

பத்தாவதில் பாதியோடு நின்ற எனக்கு நிஜமாகவே வரும்.

முதியோர் மருத்துவத்தில் மேல்படிப்பு முடிக்க டாக்டருக்கு ஓர் ஆராய்ச்சி தேவைப்பட்டது. மறதி நோய் வந்தவர்களுக்குத் தினமும் அரை மணி நேரம் பழைய பாட்டு போட வேண்டும். அன்று என்ன நடந்தது என்று வீட்டில் பார்த்துக்கொள்கிறவர் ஒரு நோட்டில் எழுத வேண்டும். முப்பது வீடு, பன்னிரண்டு வாரம்.

இன்று காலை அது தடித்த அட்டை போட்ட புத்தகமாகி, டாக்டரின் கையிலேயே ஓரிக்கை என்ற எங்கள் ஊருக்கு, எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டது. அவருடைய பேராசிரியர் படித்துவிட்டுக் கண் கலங்கினாராம். திங்கட்கிழமை வைவா என்கிற வாய்மொழித் தேர்வு. அதோடு பட்டம்.

அப்பா அவர் முன்னால் போர்வையை விரித்துப் போட்டார்.

"பார்டரப் பாருங்கம்மா. கல்யாணப் பொண்ணுக்குன்னே நெய்ஞ்சது."

அப்பா பட்டுக் கடையில் முப்பது வருடம் புடவை விரித்துப் போட்டவர். இப்போது கடை இல்லை. போர்வை இருக்கிறது.

டாக்டர் காலை நகர்த்திக்கொண்டு, எங்கள் வீட்டை ஆராய்ச்சியிலிருந்து நீக்கிவிட்டதாக வருத்தத்தோடு சொன்னார். பக்கத்தையும் காட்டினார். ஆங்கிலத்தில் இருந்ததை அவரே தமிழில் சொன்னார். பராமரிப்பவர் அக்கறையோடு பதிவு செய்யவில்லை.

எண்பத்து நான்கு நாளும் ஒரே வரி. 'பாட்டு வைத்தேன். போர்வையை விரித்தார். மடித்தேன். மறுபடி விரித்தார்.'

எண்பத்து நான்கு நாளும் அதுதான் நடந்தது. அப்பாவுக்கு ஆராய்ச்சியின் மேல் அக்கறை போதாது.

அதனால் அடுத்த மாதம் ஆஸ்பத்திரியில் திறக்கிற பகல் காப்பகத்திலும் அவருக்கு இடமில்லை. பத்து இடம்தான். நன்றாக எழுதிய பத்து வீட்டுக்கு.

அம்மா கம்பெனி வேலைக்குப் போய்விட்டால் வீட்டில் நானும் அப்பாவும்தான். அவரைக் காலையில் காப்பகத்தில் விட்டுவிட்டு டுடோரியலில் சேர்ந்து பத்தாவதை எழுதிவிடலாம் என்று இருந்தேன். இந்த வருடத்தை விட்டால் இனி எழுதப்போவதில்லை என்று எனக்கே தெரியும்.

ஒரு நோட்டு எப்படி இருக்க வேண்டும் என்று எனக்குப் புரியட்டும் என்பதற்காக, ஆங்கிலத்துக்கு நடுவே தமிழிலேயே அச்சடித்திருந்த ஒரு பக்கத்தை டாக்டர் வாசித்தார்.

எதிர்வீட்டுச் செல்லியம்மாள் அத்தையின் நோட்டு அது. கல்யாண மண்டபத்தில் பாத்திரம் தேய்க்கப் போகும் அத்தை, மாமாவை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டுத்தான் போவாள். காப்பகப் பட்டியலில் முதல் பெயர் மாமாவுடையது. கலியாணசுந்தரம்.

'பாட்டு ஓடும்போதே எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டார். நம்ம பஸ் போயிடுச்சா என்றார். இல்லை, உட்காருங்கள் என்றேன். உட்கார்ந்தார்.'

டாக்டர் வாசிப்பதை நிறுத்தினார். கைக்குட்டையைத் தேடினார்.

நான் சும்மா இருந்திருக்கலாம். சும்மா இருப்பதில் எனக்கு நல்ல பழக்கம் உண்டு.

"வராத பஸ்ஸுக்காக விளக்கு வைக்கும் வரை இரண்டு பேரும் காத்திருந்தோம்" என்றேன்.

டாக்டர் பக்கத்தைப் பார்த்தார். அடுத்த வரி அதுவேதான். நோட்டை அத்தை என்னிடம் காட்டினாளா என்று சிரித்துக்கொண்டே கேட்டார்.

"அத்தைக்கு எழுதத் தெரியாதுங்க மேடம்."

அந்தச் சிரிப்பு முகத்தை விட்டுப் போகக் கொஞ்ச நேரமாயிற்று. இந்த மாதிரி எத்தனை வீடு என்று கேட்டார். இரண்டு கைகளின் பத்து விரலையும் விரித்துக் காட்டினேன்.

அத்தைதான் முதலில் நோட்டைக் கொண்டுவந்தாள். "காலையில எழுந்து உக்காந்துக்கினு இருக்காரு, ராவுல படுத்துக்கினு இருக்காரு. நடுவுல நீயே எதுனா போட்டுக் குடுத்துடுமா" என்றாள். அவளைப் பார்த்து மற்றவர்களும் வந்தார்கள். பொன்னி வீட்டுக்கு இடப்பக்கம் சாய்ந்த எழுத்து, மேரியக்கா வீட்டுக்குக் கோழி கிளறியது போல. பாட்டைக் கேட்டு எல்லோரும் மளமளவென்று தேறினார்கள். கொஞ்சம் அடக்கி எழுதியிருக்கலாம்.

சொந்த அப்பாவைப் பற்றி மட்டும் கதை கட்ட மனசு வரவில்லை.

நான் டாக்டரை மிரட்டவில்லை. எனக்குப் பேசவே வராது, மிரட்டுவது எங்கே?

டாக்டர் புத்தகத்தை மூடினார். அப்பா இன்னொரு போர்வையை விரித்து, இதே டிசைன் வேற கலரிலும் இருக்குது என்றார்.

டாக்டர் பையிலிருந்து காப்பகப் பட்டியலை எடுத்தார். பேனாவைத் திறந்தார். கலியாணசுந்தரம் என்ற பெயரின் மேல் ஒரு கோடு போட்டார். ஸ்கேல் வைத்தது போல நேர்க்கோடு. அதற்கு மேலே சின்னதாக, பரசுராமன் என்று அப்பாவின் பெயரை எழுதினார்.

தாளை என் பக்கம் திருப்பி, நான் படித்து முடிக்கும் வரை பிடித்துக்கொண்டிருந்தார்.

எதிர்வீட்டுக் கதவுக்கு உள்ளேயிருந்து மாமா தட்டிக்கொண்டிருந்தார்.

வாயைத் திறந்தேன். ஒரு நாளைக்கு ஒரு தடவைதான் எனக்குத் தைரியம் வரும் போலிருக்கிறது. மூடிக்கொண்டேன்.

டாக்டர் புத்தகத்தை இடுக்கிக்கொண்டு, விரித்திருந்த போர்வைகளை மிதிக்காமல் சுவரோரமாகச் சுற்றி நடந்து, செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.