ஸம்ஸம் போத்தல்

வெறும் போத்தலோடு ஜவுபர் வாசலில் வந்து நின்றார்.

"மச்சான், சொல்லாமக் கொள்ளாம உம்றாவுக்குப் போயித்து வந்திருக்காய்! கொஞ்சம் ஸம்ஸம் தண்ணி தா."

குற்றம் என் மொட்டைத் தலையுடையது. விடியற்காலை சுபஹு தொழுகையில் அதைக் கண்டவர்கள், எட்டு மணிக்குள் என்னை மக்காவுக்கு அனுப்பித் திரும்பவும் கல்முனைக்குக் கூட்டிவந்துவிட்டார்கள். உம்றா முடித்த ஆண் மொட்டையோடு வருவான், பெண்ணுக்கு ஒரு விரல்நுனி அளவு முடி வெட்டினால் போதும். எங்கள் ஊரில் இது சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

நான் போகவில்லை என்றேன். அடக்கத்தில் மறைக்கிறேன் என்று நினைத்துக்கொண்டார். பிறகு வருகிறேன் என்று போத்தலை வைத்துவிட்டுப் போனார். எதிர்வீட்டு நஸ்லின் மாமி பேரீச்சம்பழத்துக்கு ஒரு கிண்ணமும் அனுப்பியிருந்தா.

நான் போனது கொழும்புக்கு. என் மனைவி றாபியாவின் மார்பில் இருந்த கட்டியை அங்கேதான் எடுத்தார்கள்.

அதில் ஒரு துண்டு பரிசோதனைக்கு வெளிநாடு போயிருந்தது. முடிவை இன்று சொல்வதாக டொக்டர் சொல்லியிருந்தார். கீமோ ஏற்ற வேண்டுமா, மாத்திரையே போதுமா என்பது அதில் தெரியும்.

மகள் நுஸ்ஹா உயிரியல் ரீச்சர். எனக்கு அவள்தான் விளங்கப்படுத்தினாள்.

"உடம்புல எல்லாக் கலத்துக்குள்ளயும் ஜீன் இரிக்கி வாப்பா. எது கதைக்குது, எது வாய்மூடிக் கிடக்குது எண்டதுதான் விஷயம். கலத்தை வளரச் சொல்ற ஜீன் சத்தம் போட்டாத்தான் கீமோ."

எங்கள் வீட்டிலும் எல்லோருக்கும் வாய் இருக்கிறது, கதைப்பது றாபியா மட்டும்தானே என்றேன். நுஸ்ஹா சிரித்தாள். றாபியா சிரிக்கவில்லை.

நீர்க்கோர்வை என்று சொல்லி, மூன்று நாளாக முக்காட்டை இறக்காமல் இருந்தாள். படுக்கும்போதும் அதே முக்காடு. கதையும் இல்லை. நான் ஏன் மொட்டை அடித்தேன் என்றுகூடக் கேட்கவில்லை. அவள் ஏசாத வீட்டில் எனக்குப் பயமாக இருந்தது.

பத்தரைக்குப் போன் வந்தது. நுஸ்ஹா எடுத்தாள்.

கேட்டுக்கொண்டே இருந்தவள் திடீரென்று அழுதாள். பிறகுதான் அவள் சிரிப்பதும் தெரிந்தது.

"வாய்மூடித்தான் கிடக்குதாம் வாப்பா! கீமோ தேவல்லியாம்! அஞ்சு வருசத்துக்கு மாத்திரை மட்டும் போட்டாக் காணுமாம்!"

அல்ஹம்துலில்லாஹ் என்று நான் போட்ட சத்தம் ஜவுபர் வீடுவரை கேட்டிருக்கும். இவ்வளவு சந்தோசம் என் கல்யாணத்தன்றுகூட எனக்கு வரவில்லை.

றாபியா மட்டும் கதிரையில் தொப்பென்று உட்கார்ந்தாள். இரண்டு கையையும் முக்காட்டின் மேல் வைத்துக்கொண்டாள்.

"அல்லாஹ்வே, அவசரப்பட்டுட்டேனே!"

முக்காட்டை இறக்கினாள். இடுப்பைத் தாண்டித் தொங்கிய பின்னல் இல்லை. கத்தரிக்கோலால் அவளே வெட்டிய, மேடும் பள்ளமுமான தலை. கீமோவில் முடி கொட்டுவதைப் பார்க்க அவளுக்கு மனம் வரவில்லையாம்.

நுஸ்ஹா வாயைப் பொத்திக்கொண்டாள். நான் அசையவில்லை.

றாபியா என்னையே பார்த்தாள். பிறகு என் மொட்டையைப் பார்த்தாள்.

"உங்களுக்கு முன்னமே தெரியுமா?"

நேற்று உடுக்கச் சாரம் தேடும்போது, அலுமாரிக்குள் கடதாசியில் சுற்றிய பின்னலைக் கண்டதைச் சொன்னேன். நேரே சலூனுக்குப் போனதையும் சொன்னேன்.

அவள் அழுதாள், சிரித்தாள், கண்ணைத் துடைத்தாள். பிறகு வீடு அதிரப் பழைய குரலில் கத்தினாள்.

"நுஸ்ஹா! ஜவுபர் காக்காட போத்தலைக் கழுவி வை. மெய்யாவே போகத்தான் போறம். அதுக்கு முதல் எனக்கு ஒரு விரல்நுனி வெட்டுறதுக்காவது முடி வளரட்டும்."