பாசி சொன்ன திசை

விரல் நீளப் பாசி. அதை ஐஸ் கட்டிகளோடு கடையில் சாப்பாடு கட்டித் தரும் ஒரு தாப்பாவ் பையில் போட்டு, காரின் பக்கத்து இருக்கையில் வைத்து, சீட் பெல்ட்டும் மாட்டி, மெர்சிங்கிலிருந்து ஜொகூர் பாருவில் உள்ள என் ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுவந்திருந்தார் காளியப்பன்.

"இதான், தங்கச்சி. தீபன் ஜாக்கெட்டு வார்ல சுத்தியிருந்துச்சு."

அவர் முகம் வெயிலில் தோலுரிந்திருந்தது. நான்கு நாளைக்கு முன்பு தூண்டில் போடப் போன படகு கவிழ்ந்தபோது என் அண்ணன் தீபனோடு இருந்தவர். அவரை மறுநாள் காலையிலேயே மீட்டுவிட்டார்கள். அண்ணனை இன்னும் தேடுகிறார்கள்.

இன்று விடிகாலையில் மீனவர் ஒருவர் அண்ணனின் மிதவை ஜாக்கெட்டை நடுக்கடலில் கண்டெடுத்தார். ஆள் இல்லை. வாரில் இந்தப் பழுப்புப் பாசி மட்டும் சிக்கியிருந்தது.

பாறையைப் பிடித்திருக்கும் அடிப்பகுதியோடு அது பிய்ந்து வந்திருந்தது. அப்படியென்றால் ஜாக்கெட் ஏதோ ஒரு தீவின் பாறையில் உரசியிருக்கிறது. அண்ணனும் அங்கே ஏறியிருக்கலாம். நீரோட்டக் கணக்குப்படி அது வடக்குத் தீவாக இருக்கலாம், தெற்குத் தீவாகவும் இருக்கலாம். இரண்டிலும் குடிக்கத் தண்ணீர் கிடையாது.

அண்ணி புஷ்பவள்ளி மெர்சிங் படகுத்துறையிலேயே கிடந்தார். தேடுதல் அதிகாரி அவரிடம் கறாராகச் சொல்லிவிட்டார். எந்தத் தீவு என்று ஐந்து மணிக்குள் தெரிந்தால் படகுகள் இன்றிரவும் நாளையும் அங்கே தேடும். தெரியாவிட்டால் இன்றோடு சரி.

ஆறு வருஷமாக நான் படிப்பது இந்தப் பாசிகளின் மரபணுவைத்தான். தீபாவளிக்குத் தீபாவளி பெர்மாஸ் ஜெயாவில் இருக்கும் எங்கள் வீட்டில் அண்ணன் அதைச் சொல்லியே என்னை ஓட்டுவான். பாசியைப் படித்து என்ன பண்ணப் போகிறாய், சூப்பு வைக்கவா என்பான்.

பார்க்கத்தான் செடி மாதிரி இருக்கும். பழுப்புப் பாசி செடி இல்லை, அது தனி வம்சம். பனியுகத்தில் இந்தக் கடல் தரையாகக் கிடந்தது. நீர் திரும்ப ஏறியபோது வடக்கிலிருந்து ஒரு கிளையும் தெற்கிலிருந்து ஒரு கிளையும் வந்து ஆளுக்கொரு தீவைப் பிடித்துக்கொண்டன. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். டிஎன்ஏவில் ஓர் இடம் மட்டும் வடக்குப் பாசிக்குக் கொஞ்சம் குட்டை.

என் அண்ணன் பிழைப்பது அந்தக் கொஞ்சத்தில் இருந்தது.

பாசியை அரைத்தால் சளி மாதிரி கொழகொழவென்று வரும். அதிலிருந்து டிஎன்ஏவைப் பிரிப்பது லேசில்லை. மற்ற நாளில் பொறுமையாகச் செய்வேன். இன்று அவசர அவசரமாகச் செய்தேன். டிஎன்ஏவைப் பெருக்கும் இயந்திரத்தில் குழாய்களை வைத்து மூடிவிட்டு, முருகன், மாரியம்மன், முனீஸ்வரர் என்று ஒருவரையும் விடாமல் வேண்டிக்கொண்டேன்.

காளியப்பன் வெளியே நடைவழியில் நின்றுகொண்டே இருந்தார். நாற்காலி போட்டும் உட்காரவில்லை.

"ராத்திரி பூரா அவன் கையப் புடிச்சிருந்தேன் தங்கச்சி. கொஞ்சம் கண்ணசந்துட்டேன் போல."

நாற்காலியை அவர் பக்கம் இன்னும் கொஞ்சம் தள்ளி வைத்தேன்.

நாலே முக்காலுக்கு, பெருக்கிய டிஎன்ஏவை நீளவாரியாகப் பிரித்துக் காட்டும் ஜெல்லை எடுத்து நீல விளக்கின் மேல் வைத்தேன். அண்ணனின் பாசிக்கு நேரே ஒரு பட்டை மின்னியது. கீழே, குட்டைப் பட்டைகள் நிற்கிற இடத்தில். வடக்கு.

அண்ணிக்கு ஃபோன் செய்தேன்.

"நிச்சயமா ஷர்மி? ஆபிசர் கேக்குறாரு."

"வடக்குதான் அண்ணி. நிச்சயம்."

அழுகையும் மலாயுமாக அண்ணி யாரிடமோ சொல்வது கேட்டது. யாரோ ஓடினார்கள். படகுகள் உறுமின. தெற்கே நின்ற படகையும் வடக்கே அனுப்பிவிட்டார்கள் என்றார் அண்ணி. நீ நல்லா இருப்பே ஷர்மி என்றார்.

காளியப்பன் கண்ணாடிக் கதவில் நெற்றியை முட்டுக்கொடுத்து அழுதார். நான் புதுக் கையுறை மாட்டி, மேசையைக் குளோரின் ஊற்றித் துடைத்து, மிச்சமிருந்த பாசியில் இன்னொரு துண்டு வெட்டினேன்.

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே எட்டிப் பார்த்தார். "அதான் தெரிஞ்சிருச்சே. மறுபடி எதுக்கு?"

"சும்மாதான் அண்ணே."

ஒவ்வொரு சோதனையிலும் ஒரு குழாயில் பாசியே இல்லாமல் வெறும் தண்ணீர் வைப்போம். அதற்கு நேரே ஒன்றும் தெரியக் கூடாது. தெரிந்தால், மேசையில் கிடந்த பழைய துகள் எல்லாக் குழாயிலும் விழுந்துவிட்டது என்று அர்த்தம். அந்தச் சோதனையை அப்படியே குப்பையில் போட வேண்டியதுதான். போன மாதம் முழுக்க இந்த மேசையில் நான் அரைத்தது வடக்குத் தீவின் பாசி.

தெரியவில்லை என்று சொன்னால் ஐந்து மணிக்குப் படகுகள் கரைக்குத் திரும்பிவிடும். மறுபடி செய்து முடிக்க எனக்கு இரவு எட்டு மணி ஆகிவிடும்.

தண்ணீர்க் குழாய்க்கு நேரேயும் ஒரு பட்டை மின்னியது. அதே இடத்தில், அதே பளபளப்போடு.

அதைப் பார்த்த பிறகுதான் நான் அண்ணிக்கு ஃபோன் செய்தேன்.